இல்மாட்டிக்கும் கணக்கு நோட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் அமெரிக்க ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தைப் பல வருஷங்களுக்குப் பிறகு முழுதாகக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் நானும் நண்பனும் ஒரே வாக்மேனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. உடனே மகனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவனும் இப்போது ஒன்பதாவதுதான். இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். "ஸ்லோவா இருக்குப்பா" என்றான். அன்றிலிருந்து குழப்பம். அந்த ஆல்பம் உண்மையிலேயே நல்லதா, இல்லை நம் வயசுதான் நன்றாக இருந்ததா? அத்தனை கெட்ட வார்த்தைகளோடு அவனிடம் கொடுத்தது தப்பா? நண்பர் ஒருவர் வேறு, "ராப் நமக்கென்ன புதுசா, அருணகிரிநாதர் திருப்புகழில் செய்யாததா?" என்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கெட்ட வார்த்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குத் தெரியாத எதையும் நாஸ் சொல்லிவிடப் போவதில்லை.

நண்பர் சொன்னதை அப்படி விட முடியவில்லை. திருப்புகழின் சந்தம் எனக்கும் உயிர்தான். ஆனால் வெளியே எது நன்றாக இருந்தாலும் 'இது எங்கள் பாட்டன் சொத்து' என்று பட்டா எழுதிக்கொள்ளும் இந்த வியாதி எனக்கு எரிச்சலைத் தருகிறது. ராப் எந்தக் கலையின் பகுதியோ அந்த ஹிப்ஹாப்புக்கு அவர்களே கொண்டாடும் பிறந்தநாள் ஒன்று இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடம். பள்ளி திறக்கப் போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று ஒரு பெண் விருந்து வைக்கிறாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய அவள் அண்ணன் கூல் ஹெர்க்தான் இசைத்தட்டுகளை ஓட்டினார். ஆக, அதுவே ஒரு பள்ளிக்கூடக் கதை. அதற்கு அடுத்த மாதம்தான் நாஸ் பிறந்தான். அருணகிரிநாதரை அந்தக் கூடத்துக்கு இழுத்துப்போவதில் அவருக்கும் மரியாதை இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் இல்லை.

சரி. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'ஆளுக்கொரு காது' என்ற இடம். எங்களுக்கும் ஒரு வாக்மேன்தான். கேஸட் யாரோ யாரிடமோ பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் பதிந்து, நாலாவது கையாக வந்தது. அறுபது நிமிட நாடா. ஆல்பம் நாற்பது நிமிடம். பதிந்தவர் பக்கக் கணக்குப் பார்க்காததால் எட்டாவது பாட்டு பாதியில் டக்கென்று நிற்கும். மறுபக்கம் ஒன்பதாவதில்தான் தொடங்கும். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் நாடாவைத் திருப்பிப் போட என் கை தானாக எழுகிறது.

வரிகளைப் பிடிப்பதுதான் எங்கள் முழுநேர வேலை. கேட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவோம். ஸ்பெல்லிங் தெரியாததால் தமிழ் எழுத்தில். அங்கேதான் வினை. 'பேக்' என்று எழுதிவிட்டால் அது பையா, முதுகா, பொட்டலமா? எழுதிய அன்று தெரியும். மறுவாரம் தெரியாது. நண்பன் ஒரு வழி கண்டுபிடித்தான்: அடித்தொண்டையில் சொல்ல வேண்டிய எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பது. அது மெய்யெழுத்துப் புள்ளியோடு கலந்து, பக்கமே அம்மை போட்ட மாதிரி ஆனது. ஆனால் எழுதும்போதுதான் பிடிபட்டது, எதுகை வரியின் கடைசியில் மட்டும் இல்லை, வயிற்றுக்குள்ளும் இருக்கிறது என்று. இங்கே முடியப் போகிறது என்று நாம் காத்திருப்போம். வாக்கியம் அடுத்த வரிக்குள் தாவியிருக்கும்.

ஒருநாள் தமிழாசிரியர் நோட்டைப் பிடுங்கினார். சத்தமாக வாசித்து மானத்தை வாங்குவது அவர் முறை. வாசித்தார். அர்த்தம் ஒன்றும் புரியாமல், இருந்ததை இருந்தபடி. வகுப்பு சிரித்தது. நாலாவது வரியில் அவர் குரல் மாறியது. முதல் வரிக்குத் திரும்பினார். இடது கை விரல்கள் மேசையில் தட்ட ஆரம்பித்தன, சீர் பிரிக்கும்போது தட்டுவாரே, அதே மாதிரி. சிரிப்பு அடங்கிவிட்டது.

"யார்றா எழுதினது இது?"

"நாஸ், சார்."

"எந்த ஊர்?"

"நியூயார்க்."

"நல்லா எழுதியிருக்கான்" என்றார். அப்புறம் இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்தார்.

இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். சந்தத்திலேயே ஊறிய அந்த மனிதர் 'இது நம்முடையது' என்று சொல்லவில்லை. யார் எழுதியது என்றுதான் கேட்டார்.

வெளியே நின்றபோது எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நாஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அமெரிக்காவின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பான குயின்ஸ்பிரிட்ஜில் வளர்ந்தவன். கூட வளர்ந்த நண்பன் 1992இல் சுட்டுக் கொல்லப்பட்டான். 1994 ஏப்ரலில் ஆல்பம் வந்தபோது நாஸுக்கு வயது 20. அட்டையில் அவனுடைய சின்ன வயசு முகம், அதன் மேலேயே அந்தத் தெருவும் கட்டடங்களும். ஒரு பாட்டின் பெயரே 'மெமரி லேன்'. 'ஒன் லவ்' என்ற இன்னொன்று சிறையில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம். நீ உள்ளே போன பிறகு இங்கே இன்னின்னது நடந்தது என்று. இருபது வயதில் ஒருவன் இப்படித் திரும்பிப் பார்க்கிறான் என்றால், அதற்குள் அவ்வளவு போய்விட்டிருக்கிறது. நாம் பதினாலு வயதில் அவனுடைய ஏக்கத்தை இரவல் வாங்கினோம். இப்போது அதை நம்முடையது என்கிறோம். நீங்கள் கலங்கியது உங்கள் வாக்மேனுக்காக என்றால் தாராளமாகக் கலங்குங்கள், நானும் கலங்குகிறவன்தான். ஆனால் அதை ஆல்பத்தின் கணக்கில் எழுதி, மகன் அழவில்லையே என்று குறைப்படாதீர்கள். உங்கள் நண்பரின் பட்டாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மகன் 'ஸ்லோ' என்றது தப்பே இல்லை. அங்கே பீட் நடக்கிறது, அதன் மேல் வார்த்தைகள் ஓடுகின்றன. பையன் பீட்டைக் கேட்டிருக்கிறான். இன்னொன்று, முதல் தடம் பாட்டே கிடையாது. ரயில் சத்தமும் பேச்சும்தான். ஆக அவன் கேட்டது ஒரே பாட்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையே என நாஸ் முணுமுணுத்துவிட்டுத் தொடங்குவானே, அது. அந்த முணுமுணுப்பை வெட்டாமல் விட்ட, அந்தப் பாட்டுக்கு இசையமைத்த டிஜே பிரிமியருக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது மூன்றாவது. அதன் தலைப்பை இங்கே எழுத மாட்டேன் (கெட்ட வார்த்தை பற்றி மேலே வீரம் பேசியவன்தான்). அதில் நாஸும் கூடப் பாடுபவரும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் ஒரு கார்னெட் வரும், டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி. ஊதுபவர் ஒலு டாரா. ஜாஸ் கலைஞர். நாஸின் அப்பா.

இன்னும் மூன்றரை நிமிடம் பொறுத்திருந்தால் உங்கள் மகன் அதைக் கேட்டிருப்பான். போய் அவனிடம் சொல்லிவைக்காதீர்கள்.