ஓபஸ் 69

அன்புள்ள ஐயா,

இசையமைப்பாளர் ரைன்பெர்கரின் ‘ஆபெண்ட்லீட்’ (மாலைப் பாட்டு) என்ற கோரஸ் பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரியே நாலைந்து தடவை கேட்டேன். ஒரு சந்தேகம். அதைப் பதினைந்து வயதில் எழுதினார் என்கிறீர்கள், ஆனால் நான் கேட்ட பதிவில் ஓபஸ் 69, 1873 என்று இருக்கிறது. அப்போது அவருக்கு முப்பத்துநாலு ஆகியிருக்கும். வேறு யாரோடாவது குழப்பிக்கொண்டீர்களா?

மீ., நாகர்கோவில்

அன்புள்ள மீ.,

இந்த முறை குழப்பியது நான் இல்லை, அந்த எண்தான். ஓபஸ் எண் என்பது ஒரு இசையமைப்பாளரின் படைப்புகளுக்குப் போடுகிற வரிசை எண்; அது பெரும்பாலும் அச்சுக்குப் போன வரிசையைத்தான் சொல்லும், எழுதிய வரிசையை அல்ல. நானும் பல வருஷம் இந்தப் பாட்டை ‘நடுவயதுப் படைப்புகள்’ என்ற ஃபோல்டரில்தான் வைத்திருந்தேன். ரைன்பெர்கர் தன் ஓபஸ் 1-ஐ வெளியிட்டது 1859-ல். அதற்கு முன்பே நூறுக்கும் மேல் எழுதிக் குவித்துவிட்டு, எதற்கும் எண் போடாமல் ஒதுக்கி வைத்திருந்தார். அந்தக் குவியலில் இருந்து எடுத்துச் செப்பனிட்டு 1873-ல் மூன்று பக்திப் பாடல்களில் ஒன்றாக வெளியிட்டதுதான் நீங்கள் கேட்டது. முதல் வடிவம் 1855-ல், பதினாறு நிறைவதற்கு முன்பே எழுதியாகிவிட்டது.

அந்த வயதில் எப்படி என்றால், பையன் ஏழு வயதிலேயே லீக்டன்ஸ்டைனில், சொந்த ஊரான வடூஸில், தேவாலய ஆர்கனிஸ்ட். காலால் மிதிக்கிற கட்டைகள் அவனுக்கு எட்டாததால் உயர்த்திக் கட்டிக் கொடுத்தார்களாம். பன்னிரண்டு வயதில் படிக்க ம்யூனிக் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார்.

பாட்டின் சொற்கள் மொத்தமே ஒரு வாக்கியம்தான், லூக்கா 24:29. நம் பழைய தமிழ் பைபிளில் “நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும்போயிற்று” என்று வருவது. வாத்தியம் எதுவும் இல்லை, ஆறு குரல்கள், மூன்று நிமிஷம் போல. ஆறு பேரும் அதே வாக்கியத்தைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவதால், போகிற ஆளை வாசலில் நிறுத்தி வைத்து ஆளுக்கு ஆள் ‘இருங்க, இருங்க’ என்று மன்றாடுகிற மாதிரி இருக்கும். இதில் எவ்வளவு பையன் எழுதியது, எவ்வளவு பிற்பாடு திருத்தியது என்று கேட்டால், அந்த மன்றாட்டு பையனுடையது என்றே எனக்குப் படுகிறது. முப்பத்துநாலு வயதில் புதிதாக எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் வித்தை காட்டியிருப்பார்.

ரைன்பெர்கரை உலகம் ஏன் மறந்துபோனது என்பது தனிக் கதை. தேவாலய இசை பதினாறாம் நூற்றாண்டு பாலஸ்ட்ரீனா காலத்துப் பாணிக்கே திரும்ப வேண்டும் என்ற செசிலியன் (Cecilian) இயக்கத்தாரோடு ஒத்துப்போகவில்லை, புதுமை செய்த ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் பக்கமும் சாயவில்லை. அப்புறம் தூக்கிப் பேச யார் இருக்கிறார்கள்? ம்யூனிக்கில் வாத்தியாராகத்தான் பெயர்.

அடுத்து அவருடைய ஓபஸ் 109, ‘காண்டுஸ் மிஸ்ஸே’ என்ற திருப்பலி இசையைக் கேளுங்கள். 1878-ல் இரட்டைக் கோரஸுக்காக, எட்டுக் குரலில் எழுதியது. ‘ஆபெண்ட்லீட்’ எழுதி 23 வருஷம் கழித்து வந்தது, அட்டையை நம்பினால் ஐந்தே வருஷம். ஹெட்போன் வேண்டாம், அறை முழுக்கப் பரவ விட்டுக் கேளுங்கள்.