புயல் துரத்துவது – கடிதம்

வணக்கம்.

சென்ற வாரக் கட்டுரையில், மே மாதம் டெக்சஸில் ஒரு குழுவோடு இடிமழையைத் துரத்தியதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் அந்தச் சுழல்காற்றை, டொர்னேடோவைப் பார்த்தீர்களா? பயமாக இல்லையா? அடுத்தவர் ஊர் அழிவதைப் போய் வேடிக்கை பார்ப்பது சரியா? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

ஒரு வாசகி, தாராபுரம்

அன்புள்ள வாசகிக்கு,

கோபமாகவே கேட்டிருக்கலாம். டொர்னேடோவைப் பார்க்கவில்லை. ஒரு வரியில் முடித்ததற்கு அதுதான் காரணம்.

காலையில் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து ஐந்து பேர் ஒரு வேனில் கிளம்பினோம். நார்மன் ஊரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் அன்றைக்கு எங்கே ஆபத்து என்ற வரைபடத்தை விடியுமுன்பே வெளியிட்டுவிடும். அதைப் பார்த்து மேற்கே 270 கிலோமீட்டர் ஓட்டி, டெக்சஸின் ஷாம்ராக் என்ற சிற்றூருக்குப் போனோம். அப்புறம் ஐந்து மணிவரை ஒரு பெட்ரோல் பங்க் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரக்காற்றில் சென்னைப் புழுக்கம். மேற்கே பாலைவனத்தின் காய்ந்த காற்று. இரண்டும் உரசும் கோட்டில்தான் மேகம் எழ வேண்டும். ஆனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்பக்காற்று அடுக்கு, குக்கர் மூடிபோல, எதையும் எழவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. மூடி திறக்காமலே போனால் நாள் வீண். சீக்கிரம் திறந்துவிட்டாலும் ஆவி அங்கங்கே சிதறிப் பிசுபிசுத்துவிடும்.

ஐந்தரைக்குத் திறந்தது. அரை மணி நேரத்துக்குள் காலிஃபிளவர்போல ஒரு மேகம் விமானங்கள் பறக்கும் உயரத்தைத் தாண்டி எழுந்து, உச்சியில் தட்டையாக விரிந்தது. கீழே தென்கிழக்குக் காற்று, மேலே வேகமான மேற்குக் காற்று. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும் பென்சில்போலச் சுருள்கிறது. மேலெழும் வெப்பக்காற்று அந்தச் சுருளை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழலும். சூப்பர்செல் என்கிறார்கள். 83ஆம் எண் சாலையில் வடக்கே போய், கனேடியன் என்ற ஊருக்கருகே அதைப் பார்த்தேன். அதன் அடிவயிற்றில் ஒரு சுவர்போல மேகம் இறங்கி, மெதுவாக, கண்ணுக்கே தெரியும்படி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை.

இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்றேன். எங்கள் தலைவர் மாட்டேன் என்றார். மேகம் வடகிழக்கே நகர்கிறது. நாம் அதற்குத் தென்கிழக்கில் இருக்கும்வரை தப்பிக்க வழி உண்டு. ஆற்றைத் தாண்டினால் திரும்புவதற்கு அந்த ஒரு பாலம்தான். வேனைத் திருப்பிவிட்டார். எனக்குக் கடுப்பு. சொல்லிவைத்தாற்போலச் சற்று நேரத்தில் மழைத்திரை மூடி, மேகத்தின் அடிப்பாகம் எதுவும் தெரியாமல் போயிற்று.

பயம் எனக்கு இரவில்தான் வந்தது, தலைவர் ஓக்லஹோமாவில் உள்ள எல் ரினோ என்ற ஊரைப் பற்றிச் சொன்னபோது. 2013 மே 31 அன்று அங்கே வந்த டொர்னேடோ 4.2 கிலோமீட்டர் அகலம். தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது திடீரென வடகிழக்கே திரும்பி, விரிந்து, வேகமெடுத்தது. புயல் ஆய்வாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் காரோடு அகப்பட்டு இறந்தார்கள். சமராஸ் கத்துக்குட்டி இல்லை. 2003இல் தெற்கு டக்கோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னேடோவின் பாதையில் கருவி வைத்து, காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தவர்.

சரி, மூன்றாவது கேள்வி, வேடிக்கை பார்ப்பது சரியா என்பது. துரத்துகிறவர்களால் ஒரு உபயோகம் உண்டு. பூமி வளைந்திருப்பதால் ரேடார் கற்றை தூரம் போகப்போக உயர்ந்துவிடும். தரையருகே நடப்பது அதற்குத் தெரியாது. ஆள் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்களும் ஆலங்கட்டி மழையை வானிலை அலுவலகத்துக்குச் சொன்னோம். ஆனால் அதற்காகத்தான் போனோம் என்றால் பொய்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் காபி குடித்தோம். பெரிய எலுமிச்சை அளவுக் கட்டிகள் இரண்டை ஐஸ்பெட்டியில் வைத்திருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் எவ்வளவு பெரிது என்று கேட்டார். உற்சாகமாகத் திறந்து காட்டினேன். எந்தச் சாலையில் விழுந்தது என்றார். சொன்னேன். அவருடைய கோதுமை அந்தப் பக்கம்தானாம், அறுப்புக்கு இன்னும் சில வாரம் இருந்ததாம். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பெட்டியை மூடினேன்.