30/60/25 யாருக்கு? அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ்: கேள்வி பதில்

டெக்சஸில் பதினொரு வருஷம் கிளெய்ம் அட்ஜஸ்டராக வேலை பார்த்தேன். அடிபட்ட காரைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பாலிசியில் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. இப்போது அதில் இல்லை. எந்தக் கம்பெனிக்கும் ஆள் பிடித்துத் தரவும் மாட்டேன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஆரம்பித்த கேள்விகள் இவை. தட்டில் இருந்த வெண்பொங்கல் ஆறிப் போகும்வரை விடவில்லை. "எழுதி அனுப்புங்கள், நிதானமாகச் சொல்கிறேன்" என்று தப்பித்தேன். ஊர் ஊராக வந்துவிட்டது.

கேள்வி (டாலஸ், புதிதாக வந்தவர்): அண்ணா, ஏஜென்ட் "30/60/25 போதும், சட்டப்படி சரி" என்கிறார். இந்த எண்கள் என்ன?

எல்லாமே ஆயிரம் டாலர் கணக்கு, தம்பி. உங்கள் தவறால் விபத்து நடந்தால், காயம்பட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 30,000. எத்தனை பேர் காயம்பட்டாலும் அந்த ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000. அடுத்தவர் கார், கேட், கம்பம் இவற்றுக்கு 25,000. டெக்சஸின் சட்டக் குறைந்தபட்சம் இதுதான். மூன்றுமே அடுத்தவருக்குப் போகும் பணம். உங்கள் காருக்கு இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது.

ஊரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் தர்ட் பார்ட்டி பாலிசி எடுத்தால் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்கிற தொகையைக் கம்பெனி கட்டும். பொருள் சேதத்துக்கு மட்டும்தான் ஏழரை லட்சம் என்று வரம்பு. இங்கே பாலிசியில் அச்சடித்த எண்தான் கூரை. அதற்கு மேல் தீர்ப்பு வந்தால் கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும், மிச்சம் உங்கள் தலையில். புது பிக்கப் டிரக் ஒன்றே 50,000 டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. சிக்னலில் ஒன்றை நொறுக்கினால் உங்கள் 25,000 எந்த மூலைக்கு?

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. சட்டப்படி சரிதான். ஆனால் போலீஸ்காரர் டிக்கெட் எழுதாமல் இருப்பதற்குத்தான் அந்தச் "சரி" உதவும். நான் என்றால் 100/300/100-க்குக் கீழே இறங்க மாட்டேன். விலை கேட்டுப் பாருங்கள். கவரேஜ் மூன்று மடங்குக்கு மேல் ஆனாலும் பிரீமியம் மூன்று மடங்கு ஆகாது.

கேள்வி (சான் ஹோசே): ஒவ்வொரு ஸ்டேட்டிலும் ஏன் வேறு வேறு எண்?

கார் இன்ஷூரன்ஸைக் கட்டுப்படுத்துவது வாஷிங்டன் இல்லை, அந்தந்த ஸ்டேட். அதனால் ஐம்பது ஊர், ஐம்பது சட்டம். உங்கள் கலிஃபோர்னியாவையே பாருங்கள்: 1967-இலிருந்து 15/30/5. ஐந்தாயிரம் டாலருக்கு இன்று பம்பரும் ஹெட்லைட்டும் வந்தால் பெரிது. 2025 ஜனவரியிலிருந்துதான் 30/60/15 ஆக்கினார்கள். வர்ஜீனியாவில் 500 டாலர் கட்டிவிட்டு இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டலாம் என்று ஒரு விசித்திரம் இருந்தது. 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் கட்டாயம் இல்லை, ஆனால் இடித்தால் பணம் கட்டியாக வேண்டும்.

ஃப்ளோரிடா இன்னொரு விதம். தப்பு யாருடையது என்று பார்க்காமல் உங்கள் மருத்துவச் செலவுக்கு 10,000, அடுத்தவர் பொருளுக்கு 10,000, இவ்வளவுதான் பொதுவாகக் கட்டாயம். அடுத்தவர் காயத்துக்கான லயபிலிட்டி (உங்கள் தவறுக்கு அடுத்தவருக்குக் கம்பெனி கட்டும் பணம்) பெரும்பாலோருக்குக் கட்டாயமே இல்லை. அங்கே இருப்பவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள்: விபத்து நடந்து 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்காவிட்டால் அந்த மருத்துவப் பணமும் போச்சு. "கழுத்து லேசா வலிக்குது, தைலம் தடவினா சரியாயிடும்" என்று மூன்று வாரம் ஓட்டிவிடாதீர்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): பாலிசி எடுக்கும்போது "வழக்குப் போடும் உரிமை: வரம்புள்ளது, வரம்பற்றது" என்று கேட்டது. விலை குறைவாக இருந்ததை டிக் பண்ணிவிட்டேன். தப்பா?

பாதிப் பேர் அப்படித்தான் டிக் பண்ணுகிறார்கள், கவலைப்படாதீர்கள். ஆனால் என்ன கொடுத்து என்ன வாங்கினீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரம்புள்ளதை எடுத்தால், வலிக்கும் மனவேதனைக்கும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. மரணம், உறுப்பு இழப்பு, கர்ப்பம் கலைவது, எலும்பு முறிந்து இடம் விலகுவது, முகத்திலோ உடம்பிலோ பெரிய தழும்பு, நிரந்தரக் காயம் ஆகியவை விதிவிலக்கு. நிரந்தரம் என்று காட்ட டாக்டர் சான்று வேண்டும். ஆறு மாதம் முதுகுவலியோடு அலைந்து பிறகு சரியானால், அந்த ஆறு மாதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இந்தத் தேர்வு உங்களோடு வீட்டில் வசிக்கும் மனைவி, பிள்ளைகளையும் பொதுவாகக் கட்டுப்படுத்தும். பென்சில்வேனியாவிலும் இதே மாதிரி "ஃபுல் டார்ட், லிமிடட் டார்ட்" என்று கேட்பார்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு டிக் இருக்கும்: விபத்து மருத்துவச் செலவை முதலில் உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டட்டும் என்பது. பிரீமியம் குறையும். ஆனால் உங்கள் ஆபீஸ் ஹெல்த் பிளான் கார் விபத்துக் காயத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை போனால் அந்த பிளானும் போகும் என்பதையும் யோசியுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை.

இன்னொன்று: நியூ ஜெர்சியின் குறைந்தபட்ச லயபிலிட்டி 2026 ஜனவரியிலிருந்து 35/70/25. "பேசிக்" என்று மலிவாக ஒரு பாலிசி காட்டுவார்கள். அதில் அடுத்தவர் பொருளுக்கு வெறும் 5,000. கையில் சேமிப்பு இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி (ஹூஸ்டன்): அப்பா ஆறு மாதம் வந்திருக்கிறார். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

அப்பாவிடம் முடியாது என்று சொல்வதைவிட கம்பெனியிடம் கேட்பது சுலபம்! உங்கள் அனுமதியோடு எப்போதாவது ஓட்டுபவருக்குப் பெரும்பாலான பாலிசிகளில் கவரேஜ் உண்டு. பிரச்சினை "எப்போதாவது" என்ற சொல்லில். ஆறு மாதம் ஒரே வீட்டில் தங்கினால் அவர் விருந்தாளியா, வீட்டில் வசிப்பவரா? வசிப்பவர் என்று கம்பெனி நினைத்தால், பெயர் சேர்க்கவில்லை என்று கிளெய்மில் இழுக்கும். சில பாலிசிகளில் இன்னொரு கொக்கி: பெயர் சேர்க்காதவர் ஓட்டினால் லயபிலிட்டி ஸ்டேட் மினிமத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் 100/300 கட்டிக்கொண்டிருப்பீர்கள், அன்றைக்குக் கிடைப்பது 30/60.

அதனால் கூப்பிட்டு, வந்த தேதி, திரும்பும் தேதி சொல்லி, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். ஐ.டி.பி.யை, அதாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, கிளம்பும் முன்பே ஊர் ஆர்.டி.ஓ.வில் எடுத்து வந்திருந்தால் நல்லது. அது ஒரு வருஷம் செல்லும், ஒரிஜினல் லைசென்ஸோடு சேர்த்துத்தான் செல்லும்.

அப்பா ஓட்டாவிட்டாலும், பக்கத்து சீட்டில் உட்காருவார். காயம்பட்டால்? டெக்சஸில் பி.ஐ.பி. என்ற மருத்துவக் கவரேஜை 2,500 டாலருக்காவது கம்பெனி கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்தில் மறுக்க வேண்டும். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது கடகடவென்று கையெழுத்துப் போட்டீர்களே, அதில் ஒன்று இந்த மறுப்பாக இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பெற்றோர் வரும் வீட்டில் இதைக் கூட்டி வைப்பதுதான் என் வழக்கம். பத்தாயிரமாக்கினாலும் மாதத்துக்குச் சில டாலர்தான் ஏறும்.

கேள்வி (ஆஸ்டின்): மான் குறுக்கே வந்தது. இடித்திருந்தால் ஒரு கணக்கு, ஒதுங்கி மரத்தில் மோதினால் வேறு கணக்கு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மானை இடித்தால் காம்ப்ரிஹென்சிவ் (விலங்கு, திருட்டு, மழை போன்றவற்றால் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான கவரேஜ்). மானைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதினால் கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கானது), அதுவும் பெரும்பாலும் உங்கள் தவறு என்று பதிவாகும். அதனால் "மான்தான் சார்" என்று வரும் கிளெய்ம்களில் நாங்கள் முதலில் குனிந்து கிரில்லைத்தான் பார்ப்போம். உடைந்த பிளாஸ்டிக் இடுக்கில் பழுப்பு முடி நாலைந்து சிக்கியிருக்கும். இருந்தால் பேச்சே இல்லை. முடியும் இல்லை, ரத்தமும் இல்லை, மரப்பட்டை மட்டும் ஒட்டியிருந்தால் பேச்சு வேறு. அதனால் காரைக் கழுவிவிட்டுப் போட்டோ எடுக்காதீர்கள்.

திருட்டு, வெள்ளம், ஆலங்கட்டி மழை எல்லாமும் காம்ப்ரிஹென்சிவ்தான். ஆலங்கட்டிக்குப் பிறகு, ஹூடின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு குழியையும் எண்ணுவோம். டைம் அளவு, நிக்கல் அளவு, குவார்ட்டர் அளவு என்று காசை வைத்துத்தான் அளவு சொல்வது. ஒரு கூரையில் நூறு குழி எண்ணிவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் வட்டம் வட்டமாகத் தெரியும்.

கேள்வி (அட்லாண்டா): 2009 கொரோலா. ஃபுல் கவரேஜ் தேவையா?

"ஃபுல் கவரேஜ்" என்று எந்தப் பாலிசியிலும் எழுதியிருக்காது. லயபிலிட்டியோடு கொலிஷனும் காம்ப்ரிஹென்சிவும் சேர்ந்ததைப் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே ஊர் ஐ.டி.வி. மாதிரி மதிப்பை முன்கூட்டியே பேசி வைப்பதும் பொதுவாகக் கிடையாது. விபத்து நடந்த அன்று அந்தக் கார் சந்தையில் என்ன விலைக்குப் போகுமோ அதுதான். கார் 4,000 பெறும், டிடக்டிபிள் (கிளெய்மில் முதலில் உங்கள் பங்காகக் கழியும் தொகை) 1,000 என்றால் கையில் வருவது 3,000. அதற்காக வருஷம் 900 கட்டுகிறீர்கள் என்றால் விட்டுவிடலாம். அந்தக் காசை லயபிலிட்டியில் போடுங்கள். கார் பழசானாலும் அது இடிக்கும் கார் பழசாக இருக்கும் என்று யார் சொன்னது?

கேள்வி (ஃப்ரிஸ்கோ): இடித்தவரிடம் இன்ஷூரன்ஸே இல்லை என்றால்?

எனக்கே நடந்தது. பின்னாலிருந்து ஒருவர் இடித்தார், கார்டும் காட்டினார். கூப்பிட்டுப் பார்த்தால் பாலிசி இரண்டு மாதம் முன்பே ரத்து. என்னிடம் "அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்" (இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் கைகொடுக்கும் கவரேஜ்) இருந்ததால் பிழைத்தேன். 250 டாலர் டிடக்டிபிள் போக மிச்சம் என் கம்பெனியே கொடுத்தது. டெக்சஸில் இதையும் எழுத்தில் மறுத்தால்தான் விட முடியும். மறுக்காதீர்கள். 30/60 வைத்திருப்பவர் உங்களைப் பெரிதாகக் காயப்படுத்தினாலும் மிச்சத்துக்குக் கை கொடுப்பது இதன் தம்பியான "அண்டர்இன்ஷூர்டு". இரண்டையும் உங்கள் லயபிலிட்டி அளவுக்கே வையுங்கள்.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): கிரெடிட் ஸ்கோர் இல்லாததால் பிரீமியம் ஏறுமா?

கலிஃபோர்னியாவில் கிரெடிட்டைப் பார்க்கக் கூடாது. மசாசூசெட்ஸ், ஹவாயிலும் அப்படியே. பெரும்பாலான மற்ற ஸ்டேட்களில் பார்ப்பார்கள், புதிதாக வந்தவருக்கு அடி விழும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஊரில் ஓட்டிய அனுபவத்தைச் சில கம்பெனிகள் கணக்கில் எடுக்கும். கேட்காமல் தர மாட்டார்கள்.

கேள்வி (நியூயார்க், குவீன்ஸ்): மூன்று மாதம் மதுரை போகிறோம். இன்ஷூரன்ஸை நிறுத்திவிடலாமா?

நேரடியாக நிறுத்தாதீர்கள். நியூயார்க்கில் நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், லைசென்ஸ் ரத்து வரை போகும். திரும்பி வந்து புதிதாக எடுக்கும்போது இடைவெளி இருந்ததற்காகவே பிரீமியம் ஏறும். வண்டி ஓடாத காலத்துக்குக் குறைத்துக் கட்ட வழி உண்டா என்று முதலில் கம்பெனியைக் கேளுங்கள்.

கேள்வி (சியாட்டில்): வீடு, ஆபீஸ் ஷேர் எல்லாம் இருக்கிறது. 250/500 போதுமா?

அம்ப்ரெல்லா எடுங்கள், அதாவது கார் பாலிசியின் வரம்புக்கு மேல் குடையாக நிற்கும் தனிப் பாலிசி. பத்து லட்சம் டாலர் லயபிலிட்டி, பொதுவாக வருஷத்துக்குச் சில நூறு டாலர். கீழே 250/500/100 இருந்தால்தான் பெரும்பாலும் தருவார்கள், அது உங்களிடம் இருக்கிறது. வீட்டில் பதினாறு வயசுப் பிள்ளை சாவியைக் கேட்க ஆரம்பித்துவிட்டால் இன்னும் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி (டாலஸ், முதலில் கேட்ட தம்பி மறுபடி): அண்ணா, நேற்று பார்க்கிங்கில் ஒருவர் இடித்துவிட்டு, "இன்ஷூரன்ஸ் வேண்டாம்" என்று 300 டாலர் கொடுத்தார். பம்பரில் கீறல்தான், வாங்கிக்கொண்டேன்.

ஏதாவது பேப்பரில் கையெழுத்துப் போட்டீர்களா? போடவில்லை என்றால் அந்த 300-ஐச் செலவு பண்ணாமல் வையுங்கள். அவர் நம்பர் பிளேட் போட்டோ இருந்தால் பத்திரம். திங்கட்கிழமை பாடி ஷாப்பில் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புது காரில் அதன் பின்னால் சென்சார் இருக்கும். அது நகர்ந்திருந்தால் வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே பில் ஆயிரத்தைத் தாண்டும். நகரவில்லை என்றால் அவர் கொடுத்தது அதிகம், சந்தோஷமாக இருங்கள்.