இரவு நேர அநாமதேய அழைப்பு: 22 நிமிடம் பேசியதுதான் இப்போது உங்கள் பிரச்சினை

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாமியார், இரண்டு பிள்ளைகளோடு நான் இருக்கிறேன். நாலு மாதமாக இரவு பத்து மணிக்கு மேல் மூன்று எண்களிலிருந்து மாறி மாறி போன் வருகிறது. முதலில் வெறும் மூச்சுச் சத்தம், பிறகு காது கூசும் பேச்சு. "ஊர் பூரா உன்னைப் பத்திச் சொல்றேன் பாரு" என்றும் மிரட்டினான். பங்காளி வீட்டோடு எங்களுக்கு வாய்க்கால் தகராறு உண்டு. ட்ரூகாலரில் ஒரு எண்ணுக்கு அந்த வீட்டுப் பையன் பெயர்தான் வருகிறது. ஆளைப் பிடிப்பதற்காக, தம்பி சொன்னபடி ஒரு நாள் 22 நிமிடம் பேச்சுக் கொடுத்தேன். தம்பியும் என் போனிலிருந்தே நாலைந்து தடவை கூப்பிட்டுத் திட்டினான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் "இவன்தான்" என்று பெயரைப் போட்டுவிட்டான். இப்போது மாமியாரே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். செல்போன் கம்பெனியில் இருக்கும் தெரிந்தவர் மூலம் கால் டீடெயில்ஸ் வாங்கலாமா? அந்தக் குடும்பத்தையே உள்ளே தள்ள என்ன வழி?

பதில்: வாய்க்காலையும் மாமியாரையும் முதலில் ஓரமாக வையுங்கள். அழைத்தவனிடம் "இனிமேல் கூப்பிடாதே" என்று தெளிவாகச் சொன்னீர்களா, என்றைக்குச் சொன்னீர்கள், அதற்கு என்ன ஆதாரம்? சட்டத்துக்கு வேண்டியது இதுதான். உங்கள் கடிதத்தில் இது ஒரு வரி கூட இல்லை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தப் பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால்தான் அந்தப் பிரிவு முழு பலத்தோடு நிற்கும். நீங்கள் செய்ததோ நேர்மாறு. 22 நிமிடம் பேசியிருக்கிறீர்கள், உங்கள் போனிலிருந்து திரும்பவும் அழைப்பு போயிருக்கிறது.

வழக்கோடு வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் அதிகம் விழும் குழி இதுதான். "பேச்சுக் கொடுத்து ஆளைப் பிடி" என்று சொல்லாத உறவினர் கிடையாது. கால் டீடெயில்ஸ் என்கிற சி.டி.ஆரில் பேசிய பேச்சு இருக்காது. யார் யாரை அழைத்தார், எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, எந்த டவர், எந்த ஹேண்ட்செட் என்பது மட்டுமே இருக்கும். அவன் அழைத்த எண்பது அழைப்பு பத்துப் பத்து நொடியாக ஒரு பக்கம் கிடக்க, நடுவில் இரவு 10.47-க்கு 1,320 நொடி என்று ஒரே ஒரு வரி இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை மட்டும்தான் படிப்பார். "பிடிக்காத ஆளோடு இருபத்திரண்டு நிமிடமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். உங்கள் போனிலிருந்து திட்டியது தம்பி என்பதும் அந்தத் தாளில் இருக்காது. உங்கள் எண் அவனை அழைத்தது என்று மட்டும் இருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். மறைக்காதீர்கள். புகார் மனுவிலேயே "அழைப்பவர் யார் என்று கண்டுபிடிக்க என் தம்பி சொன்னதன் பேரில் இந்தத் தேதியில் 22 நிமிடம் பேசினேன், இன்னின்ன நேரங்களில் என் போனிலிருந்து திரும்ப அழைத்தது என் தம்பி" என்று எழுதிவிடுங்கள். நீங்களே முதலில் சொன்னால் அது விளக்கம். அவர்கள் வாயிலிருந்து வந்தால் கதையாகிவிடும். கணவரிடமும் அந்தத் தாள் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இன்றிரவு போன் வந்தால் எடுத்து, "நீ யாராக இருந்தாலும் இந்த எண்ணுக்கு இனிமேல் கூப்பிடாதே, போலீசில் புகார் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அந்த அழைப்பைப் பதிவு செய்யுங்கள். நீங்களே பேசும் அழைப்பை நீங்களே பதிவது குற்றமல்ல. தானும் சம்மதித்துப் பதிந்த உரையாடலை ஆதாரமாக ஏற்கலாம் என்று 1972-லேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனிலேயே ரெக்கார்டிங் போட்டால் பல மாடல்களில் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று எதிர்முனைக்கும் கேட்கும், அவன் வைத்துவிடுவான். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் பதியுங்கள்.

பதிந்த பிறகு பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். அதைக் கணவருக்கும் தம்பிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த கோப்பு பழைய கோப்பாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் அதன் கைரேகை போன்ற எண்ணை எழுத வேண்டும். மூலக் கோப்பு போய்விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. நாளைக்கு மாஜிஸ்திரேட் உத்தரவில் அவன் குரல் மாதிரியை எடுத்து ஒப்பிடும்போதும், நசுங்கிய ஒலியை வைத்துக்கொண்டு தடய அறிவியல் துறை உறுதியாக எதையும் சொல்வது கடினம். பதிந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

கால் லாக் பட்டியலையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஐநூறு அழைப்புக்கு மேல் போனால் பழையவை தானாகவே மறைந்துவிடும். எடுக்காத மிஸ்டு கால் எல்லாம் கம்பெனிப் பதிவில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள், அதற்கு உங்கள் போன்தான் ஆதாரம். எடுத்துப் பேசிய அழைப்புகளின் பதிவைக் கம்பெனிகள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையே இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம். வாட்ஸ்அப் அழைப்பாக வந்திருந்தால் அது சி.டி.ஆரில் யார் பெயரிலும் வராது. அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த எண்களை பிளாக் செய்துகொள்ளலாம்.

இனி ட்ரூகாலர். அது யாரோ நாலு பேர் தங்கள் போனில் என்ன பெயரில் அந்த எண்ணைச் சேமித்தார்களோ அதைக் காட்டுகிறது. கோர்ட்டில் அதற்கு மதிப்பே இல்லை. சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதே கூட பாதி வழிதான். நம் பக்கம் பாட்டி ஆதாரில் பேரன் சிம், முதலாளி பெயரில் டிராக்டர் டிரைவர் சிம் என்பது சாதாரணம். சிம் யார் கையில் இருந்தது என்பதை ஹேண்ட்செட்டின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து, அதே ஹேண்ட்செட்டில் வேறு எந்த சிம் ஓடியது என்று பார்த்துத்தான் பிடிப்பார்கள். டவரை நம்பாதீர்கள். வயல்வெளிக்கு நடுவே நிற்கும் ஒரு டவர் நாலைந்து கிராமத்துக்குப் பொது. நீங்களும் பங்காளி வீடும் பெரும்பாலும் ஒரே டவரின் கீழ்தான் இருப்பீர்கள். "அவன் அந்த டவரில் இருந்தான்" என்றால் நீங்களும்தான் இருந்தீர்கள்.

இந்த விவரத்தைத் தெரிந்தவர் மூலம் வாங்கும் யோசனையை இதோடு விடுங்கள். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு, கம்பெனியின் தரவை அனுமதியில்லாமல் எடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அழைப்புப் பதிவையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம். தெரிந்தவர் வேலை போவதோடு நிற்காது, கேட்டு வாங்கிய நீங்களும் சேர்வீர்கள். அந்தத் தாள் கோர்ட்டில் நிற்பதும் கடினம். போலீஸ் எஸ்.பி. அலுவலகம் வழியாகக் கேட்டு வாங்குவதற்குத்தான் மதிப்பு.

தம்பியைப் பற்றி. தெருவில் நின்று திட்டினாலோ, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பங்காளி வீட்டு வாசலுக்குப் போனாலோ, மறுநாளே ஆபாசச் சொல், காயம், மிரட்டல் என்று 296(பி), 115(2), 351(2) பிரிவுகளில் எதிர்ப்புகார் வரும். உங்கள் மனு ஸ்டேஷனில் கிடக்க, தம்பி ஜாமீனுக்கு அலைவார். ஒரு வேளை அழைத்தவன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாக இருந்து, பலர் பார்க்கச் சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டது அவதூறு, பிரிவு 356. நல்லெண்ணத்தோடு போலீசில் புகார் சொல்வதற்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, ஊர்க் குழு போலீஸ் அல்ல. அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நீக்கச் சொல்லுங்கள். பங்காளி தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் தம்பி சொந்தமாகப் பதில் எழுத வேண்டாம்.

மனு எழுதும்போது பங்காளி பையன் பெயரைக் குற்றவாளியாகப் போடாதீர்கள். மூன்று எண், தேதி, நேரம், பேசிய பேச்சு, "பேசியவர் யார் என்று தெரியவில்லை, கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடியுங்கள். போலீஸ் கேட்டால் வாய்க்கால் தகராறைச் சொல்லலாம், மனுவின் தலைப்பே அதுவாக இருக்கக் கூடாது. முன்விரோதம் இரண்டு பக்கமும் வெட்டும். அவன் தொல்லை கொடுக்க அது காரணம் என்றால், நீங்கள் பொய்ப் புகார் கொடுக்கவும் அதுவே காரணம் என்பார்கள். அந்த சிம் திருவாரூரில் யாரோ ஒரு ஆளிடம் போய் முடிந்தால், பெயர் போட்டுக் கொடுத்த மனு உங்கள் கழுத்துக்கே வரும்.

பேசிய பேச்சை எழுதப் பெண்கள் கூச்சப்படுவார்கள். "ஆபாசமாகப் பேசினான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எஃப்.ஐ.ஆரிலும் அதுவே ஏறும். பிறகு உயர் நீதிமன்றத்தில் "என்ன பேசினான் என்றே இல்லையே" என்று வழக்கை ரத்து செய்யக் கேட்பார்கள். அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். பெண் காவலர்தான் உங்கள் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கே போங்கள். ஆபாசப் பேச்சுக்கு 79-வது பிரிவு. "ஊர் பூரா சொல்றேன்" என்ற மிரட்டலை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் கற்பைப் பழிப்பேன் என்று மிரட்டுவது 351(3)-இல் வரும், ஏழு ஆண்டு வரை சிறை. தன்னை மறைத்துக்கொண்டு மிரட்டியதற்கு 351(4)-இல் மேலும் இரண்டு ஆண்டு வரை. உங்கள் கையில் இருப்பதில் கனமானது அந்த ஒரு வாக்கியம்தான். எந்தத் தேதி, எந்த எண்ணிலிருந்து அதைச் சொன்னான் என்று நினைவுபடுத்துங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு கேஸ் போட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது மனு ஏற்பு ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். எண் வரும் வரை வழக்கு தொடங்கவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மனு விசாரணையிலேயே அது உண்மையில் பங்காளி வீட்டுப் பையன் என்று வந்தால், அவர்கள் நாலு பெரியவர்களோடு சமாதானத்துக்கு வருவார்கள். என் யோசனை, ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் எஃப்.ஐ.ஆருக்கு முன்பே. 78 போட்டு வழக்குப் பதிந்துவிட்டால் இரண்டு தரப்பும் கைகுலுக்கினாலும் கீழ்க் கோர்ட்டில் முடிக்க முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போட்டு, அதுவரை பக்கத்துப் பக்கத்து வயலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும். குடும்பத்தையே உள்ளே தள்ளுவது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. போன் பேசியவன் மட்டும்தான் குற்றவாளி.

சமாதானம் என்றால் ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது மட்டும் போதாது. குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126-வது பிரிவில் கோட்டாட்சியர் முன் ஒரு வருடம் வரை அமைதி காக்கும் பிணை கேளுங்கள், மீறினால் பிணைத்தொகையோடு ஆளும் மாட்டுவான். அவன் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட கடிதமே பிறகு நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னதற்கு ஆதாரமும் ஆகும். அந்தக் கடிதத்தில் "வாய்க்கால் சம்பந்தமாகவும் இனி எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று ஒரு வரியைக் கூடச் சேர்க்க விடாதீர்கள். ஸ்டேஷனில் சட்டென்று எழுதும் அந்த வரியை, இரண்டு வருடம் கழித்து முன்சீப் கோர்ட்டில் தண்ணீர்ப் பாத்தியதையை விட்டுக்கொடுத்ததற்கு அத்தாட்சியாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். போன் விஷயம் தனித் தாளில், வாய்க்கால் விஷயம் எந்தத் தாளிலும் வேண்டாம். படித்துப் பார்க்காமல் மாமியாரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.