மறு: மகளோடு 'மன்னன்' பார்த்துப் பாதியில் நிறுத்தினேன்

அண்ணை, வன்னியில், மல்லாவியில் சின்ன வயதில் ரசித்த ரஜினியின் 'மன்னன்' படத்தை இப்போது மகளோடு பார்க்க முடியவில்லை, ரசனை கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள், நான் கடைசிவரை பார்த்தேன். தொழிற்சாலையை நடத்திய பெண் அதைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறாள். 1992இல் வந்த படம். அன்று அதற்குக் கைதட்டியவர்கள்தானே நாங்கள்?

அதோடு, அப்போது பார்த்தது படத்தை மட்டுமா? கரண்ட் இல்லாத காலம். ஊரே காசு போட்டு வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் படங்கு விரித்துக் குந்தியிருப்போம். சட்டையெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை மணக்கும். ஒருமுறை சண்டைக் காட்சியில் எண்ணெய் முடிந்து, படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. மிச்சக் கதையை ஒரு மாமா இருட்டில் சொல்லி முடித்தார். பிறகு முழுப்படம் பார்த்தேன், மாமா சொன்ன முடிவுதான் திறம்!

சரி, மகளுக்கு முழுப்படம் வேண்டாம். ரஜினி முதன்முதல் சொந்தக் குரலில் பாடிய பாட்டு அதில்தான் இருக்கிறது, அதை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.