பதில்: போச்சி தி ராக் கடைசிப் பாட்டின் ஸ்லைடு சோலோ ஆல்பத்தில் இல்லையே?

உங்கள் காதில் கோளாறு இல்லை. 'போச்சி தி ராக்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 12ஆம் எபிசோடில் கேட்ட 'செய்ஸா நி நரேதாரா' பாட்டின் சோலோவை, அதாவது கிட்டார் தனி வாசிப்பைத் தேடி ஆல்பத்தை மூன்று முறை ஓட்டியதாக எழுதியிருந்தீர்கள். முப்பது முறை ஓட்டினாலும் வராது. 2022 டிசம்பரில், கதையில் வரும் இசைக்குழுவான கெஸ்ஸோகு பேண்டின் பெயரில் வந்த ஆல்பத்தில் இருப்பது ஸ்டுடியோவில் வாசித்தது. அதில் சோலோ வேறு, விரலால் அழுத்தி வாசிக்கும் வழக்கமான வகை.

எபிசோடில் கதையே வேறு. குழுவின் கிட்டார் கலைஞியான நாயகி போச்சியின் முதல் கம்பி அறுந்துவிடுகிறது, இரண்டாம் கம்பியின் முறுக்காணியும் மக்கர். ஸ்ருதி சேர்க்க வழியில்லை. அதனால்தான் சாகே (ஜப்பானிய மது) இருந்த காலிக் கண்ணாடிக் கோப்பையைக் கம்பிமேல் வைத்து இழுக்கிறாள், இதுதான் ஸ்லைடு. கம்பி ஸ்ருதி விலகியிருந்தாலும் கண்ணாடியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். எழுதியவர்களுக்கு கிட்டார் தெரியும் என்பது இந்த ஒரு இடத்திலேயே புரிந்துவிடும்! அதற்குள் குழுவின் பாடகியும் இன்னொரு கிட்டார்காரியுமான கிதா தனியாக ரிதம் வாசித்து நேரம் வாங்கித் தருவதையும் கவனியுங்கள், எனக்கு சோலோவைவிட அதுதான் பிடிக்கும்.

சரி, வாசிக்க வேண்டுமென்றால் எபிசோடைப் பார்த்தே காதால் பிடியுங்கள். கண்ணாடியை அழுத்தாதீர்கள், பட்டும் படாமலும் வையுங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு) நடுவில் அல்ல, ஃப்ரெட் கம்பிக்கு நேர்மேலே. பின்னால் இருக்கும் விரல்களால் கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டால் இரைச்சல் அடங்கும். அப்புறம், இதற்காகக் கம்பியை அறுத்துக்கொள்ள வேண்டாம்.