தீர்ப்பு கையில், தவணை தலையில்

கேள்வி: அக்கா, நான் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. வீட்டுக் கடனை அவரே கட்ட வேண்டும் என்று நாகர்கோவில் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தக் கடனில் நானும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவள். அவர் இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். ஸ்கூட்டர் லோன் கேட்டுப் போனால், வீட்டுக் கடனில் இரண்டு தவணை பாக்கி, சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) சரியில்லை என்கிறார்கள். வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்து, அவர் பேருக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தங்கச்சி, அந்தப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீங்க. வீடு போய்விடும், கடன் மட்டும் உங்கள் பேரில் நிற்கும். வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாம் முடித்துவிட்டு, "இனி எனக்கு என்ன சார் சம்பந்தம்?" என்று வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லவே சங்கடமாக இருக்கும்.

தீர்ப்பு உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விஷயம். வங்கி அந்த வழக்கில் கட்சியே இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-வது பிரிவுப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் கேட்கலாம். மஸ்கட்டில் இருப்பவரைத் தேடுவதைவிட, மார்த்தாண்டத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவரைப் பிடிப்பது வங்கிக்குச் சுலபம்.

கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் முடிந்தால் அந்த இரண்டு தவணையையும் நீங்களே கட்டிவிடுங்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் வீடே ஆபத்தில். பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பாமல் நேராகக் கடன் கணக்கில் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதை வைத்துத்தான் வக்கீல் கோர்ட்டில் நிறைவேற்று மனு (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு) போட்டு அவரிடமிருந்து வசூலிக்க முடியும்.

அடுத்து, கடனிலிருந்து உங்கள் பெயரை எடுப்பது. இதற்கு அவரும் சேர்ந்து எழுதிக் கேட்க வேண்டும். அவர் வருமானம் மட்டும் போதுமா என்று வங்கி பார்க்கும். போதாது என்றால் வேறொருவரைச் சேர்க்கச் சொல்லும், அல்லது முடியாது என்றே சொல்லிவிடும். அப்படியானால் அவர் வேறு வங்கியில் தன் பேரில் மட்டும் கடன் வாங்கி இதை அடைக்கலாம், இல்லையென்றால் வீட்டை விற்று அடைக்கலாம். உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் தந்த பிறகு விடுதலைப் பத்திரம் எழுதினால் போதும்.

இன்னொன்று. வங்கியில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது? நம்ம ஊரில் பாதி வீடுகளில் மனைவி கணக்குக்கும் கணவர் நம்பர்தான் இருக்கும். தவணை தவறிய குறுஞ்செய்தி மஸ்கட்டுக்குப் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்பரையும் முகவரியையும் நாளைக்கே மாற்றுங்கள்.

நம் கடன் விவரங்களைப் பதிவு செய்து வைப்பவை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. ஆனால் உங்கள் பாக்கி உண்மையான பாக்கி, புகாரால் அழியாது. ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: கணவருடன் வழக்கு நடக்கிறது. என் நகையை அவர் தன் பேரில் பணயம் வைத்திருக்கிறார். இது என் சிபிலைப் பாதிக்குமா?
– வாசகி, கருங்கல்

பதில்: பாதிக்காது. கணவன் கடன் மனைவி கணக்கில் ஏறுவதில்லை. கூட்டாகவோ ஜாமீனாகவோ நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் ஏறும். ஆனால் ஏல நோட்டீஸ் அவர் முகவரிக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. நகை உங்களுடையது என்று பில், கல்யாணப் போட்டோ வைத்து வங்கிக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்காக நகையை உங்கள் கையில் தரமாட்டார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன் கீழ் மனு போட்டிருந்தால், சீதன நகையைத் திருப்பித் தரும்படி அவருக்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, வக்கீலிடம் கேளுங்கள். சமாதானம் பேச வருகிறவர்கள், "இப்போதைக்கு உன் பேரில் திருப்பி வை மக்ளே" என்பார்கள். சம்மதிக்காதீங்க, அந்த நிமிஷமே அது உங்கள் கடன்.